மணமுறிவுக்குப் பின் மருத்துவக் காப்பீடு (ஐக்கிய அமெரிக்கா)

மணமுறிவுக்குப் பின் மருத்துவக் காப்பீடு என்பது, ஐக்கிய அமெரிக்காவில் கணவன் அல்லது மனைவியின் வேலை வழியாக மருத்துவக் காப்பீடு பெற்று வந்த ஒருவர், மணமுறிவுக்குப் பின்னர் அக்காப்பீட்டைத் தொடர்வதற்கோ அதற்கு மாற்றாக வேறொன்றைப் பெறுவதற்கோ உள்ள சட்ட உரிமைகளைக் குறிக்கும். அந்நாட்டில் வேலை செய்யும் வயதினரில் பெரும்பாலோர் தம் நிறுவனம் அல்லது வாழ்க்கைத்துணையின் நிறுவனம் வழங்கும் குழுக் காப்பீட்டையே நம்பியுள்ளனர். மணம் முறியும்போது வாழ்க்கைத்துணை என்ற தகுதி இல்லாமற் போகிறது. அத்தகுதியின் பேரில் கிடைத்த காப்பீடும் உடன் முடிகிறது. இவ்வாறு இழந்த காப்பீட்டை 36 மாதங்கள் வரை சொந்தச் செலவில் தொடர வழி செய்யும் நடுவண் சட்டம் கோப்ரா எனப்படுகின்றது.

இவ்வுரிமை தானாகக் கிடைப்பதன்று. மணமுறிவு நிகழ்ந்ததை 60 நாட்களுக்குள் காப்பீட்டுத் திட்டத்தின் நிருவாகிக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறினால், நீதிமன்றத் தீர்ப்பில் என்ன எழுதியிருந்தாலும், உரிமை பொதுவாக இழக்கப்படுகிறது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையுடன் பிணைக்கப்பட்டது ஒரு போர்க்காலத் தற்செயல் எனலாம். இரண்டாம் உலகப் போரின்போது விலைவாசி ஏற்றத்தைத் தடுக்க 1942 இல் கொண்டுவரப்பட்ட சட்டம் ஊதிய உயர்வுகளைக் கட்டுப்படுத்தியது. ஆனால் நியாயமான அளவிலான காப்பீடு, ஓய்வூதியம் போன்ற சலுகைகளை அது ஊதியமாகக் கணக்கிடவில்லை. ஆட்பற்றாக்குறையில் இருந்த நிறுவனங்கள் ஊதியத்துக்குப் பதிலாகக் காப்பீட்டைக் காட்டித் தொழிலாளர்களை ஈர்த்தன. நிறுவனம் செலுத்தும் காப்பீட்டுக் கட்டணத்துக்கு வருமான வரி இல்லை என்பது 1954 ஆம் ஆண்டின் வரிச் சட்டத்தில் உறுதியானது. அதன் பின்னர் இவ்வமைப்பு வேரூன்றிவிட்டது.

இவ்வமைப்பில் வீட்டிலிருந்த மனைவி தன் கணவனின் வேலை வழியாகவே காப்பீடு பெற்றார். மணமுறிவுகள் குறைவாக இருந்த காலத்தில் இதன் குறை பெரிதாகத் தெரியவில்லை. 1969 இல் கலிபோர்னியா மாநிலம் எவர் மீதும் குற்றம் சாட்டாமலே மணமுறிவு பெற வழி செய்யும் சட்டத்தை இயற்றியது. அது 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிற மாநிலங்களும் பின்தொடர, மணமுறிவுகள் பெருகின. இருபது முப்பது ஆண்டுகள் இல்லத்தரசியாக இருந்து, ஐம்பது வயதை ஒட்டி மணம் முறிந்த பெண்கள் வருமானம், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு மூன்றையும் ஒருசேர இழந்தனர். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் 65 வயதில்தான் தொடங்கும். தனியாகக் காப்பீடு வாங்கச் சென்றால், முன்பே உள்ள நோய்களைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்க முடிந்தது.

இப்பெண்களின் நிலையை அரசியல் கேள்வியாக்கியவர்களுள் டிசு சோமர்சு, லோரி சீல்ட்சு ஆகிய இருவரும் முதன்மையானவர்கள். இவர்கள் 1980 இல் மூத்த பெண்கள் கழகம் என்னும் அமைப்பை நிறுவினர். கணவனை இழந்தோரும் மணமுறிவு பெற்றோரும் குழுக் காப்பீட்டில் தொடர வேண்டும் என்பது அவ்வமைப்பின் கோரிக்கைகளுள் ஒன்று.

கோப்ரா சட்டம்

கோப்ரா என்பது 1985 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வரவுசெலவுத் திட்டச் சீரமைப்புச் சட்டத்தினுடைய ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களால் ஆன சொல். பாம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயரில் 1985 என இருந்தாலும் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன் இதில் ஒப்பமிட்டது 1986 ஏப்ரல் 7 ஆம் நாள். 1969 இல் கலிபோர்னிய ஆளுநராக இருந்து மேற்கூறிய மணமுறிவுச் சட்டத்தில் ஒப்பமிட்டவரும் அவரே. பற்பல துறைகளைத் தழுவிய மிகப் பெரிய வரவுசெலவுச் சட்டத்தில் காப்பீட்டுத் தொடர்ச்சி பற்றிய பகுதி சிறியதே. ஆயினும் பொதுமக்கள் இன்று கோப்ரா என்றால் அப்பகுதியை மட்டுமே நினைக்கின்றனர். அப்பகுதியைக் கொண்டுவருவதில் கலிபோர்னியாவைச் சேர்ந்த கீழவை உறுப்பினர் பீட் சுடார்க்கின் பங்கு பெரிது.

முந்தைய ஆண்டின் வழக்கமான வேலை நாட்களில் பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டிருந்த நிறுவனங்களின் குழுக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு இச்சட்டம் பொருந்தும். மாநில, உள்ளூர் அரசுகளின் திட்டங்களும் இவ்விதிகளுக்கு உட்பட்டவை. தேவாலயங்கள் நடத்தும் திட்டங்களுக்கு இது பொருந்தாது. நடுவண் அரசு ஊழியர்களுக்கும் படையினருக்கும் தனி ஏற்பாடுகள் உள்ளன.

காப்பீட்டை இழக்கச் செய்யும் சில நிகழ்வுகளைச் சட்டம் தகுதி நிகழ்வுகள் எனக் குறிப்பிடுகிறது. வேலை இழப்பும் வேலை நேரக் குறைப்பும் 18 மாதத் தொடர்ச்சியைத் தரும். ஊழியரின் இறப்பு, மணமுறிவு, சட்டப்படியான பிரிவு ஆகியன வாழ்க்கைத்துணைக்கு 36 மாதங்கள் தரும். சட்டப்படியான பிரிவு என்பது மணம் முறியாமலே கணவனும் மனைவியும் தனித்து வாழ நீதிமன்றம் வழங்கும் ஆணை. அவ்வாணையால் காப்பீடு உண்மையில் போய்விட்டால் மட்டுமே அது தகுதி நிகழ்வாகும். சில திட்டங்கள் பிரிந்து வாழும் துணையைத் தொடர்ந்து ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. காப்பீட்டுக்காகவே மணமுறிவைத் தள்ளிப்போட்டு, பிரிவாணை மட்டும் பெற்று வாழும் இணையர் இருக்கின்றனர். திட்டத்தின் விதிகளைப் படிக்காமல் இவ்வழியில் இறங்குவது பயனற்றது.

தகுதி நிகழ்வுக்கு முந்தைய நாளில் அத்திட்டத்தில் இருந்த துணையும் பிள்ளைகளும் தகுதியுள்ள பயனாளிகள் ஆவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியான உரிமை உண்டு. முன்னாள் கணவனின் ஒப்புதல் இதற்குத் தேவையில்லை. கிடைக்கும் காப்பீடு, வேலையில் இருக்கும் ஊழியர்களின் குடும்பங்களுக்குக் கிடைக்கும் அதே காப்பீடாக இருக்க வேண்டும். புதிய மருத்துவப் பரிசோதனை எதுவும் கேட்க இயலாது. மணம் ஆகாமல் இணைந்து வாழ்வோர், நிறுவனம் அவர்களுக்குக் காப்பீடு அளித்திருந்தாலும், இச்சட்டத்தின்படி வாழ்க்கைத்துணை ஆகார். ஒருபால் இணையரைப் பொறுத்தவரை, 2015 இல் உச்ச நீதிமன்றம் அவர்களது திருமண உரிமையை நாடு முழுவதும் ஏற்ற பின்னர், மணம் செய்துகொண்டவர்களிடையே வேறுபாடு இல்லை.

அறுபது நாள் விதி

வேலை இழப்பு நேரும்போது அதை நிறுவனமே அறியும். திட்ட நிருவாகிக்குத் தெரிவிக்கும் கடமையும் நிறுவனத்துடையது. மணமுறிவு நிறுவனத்துக்குத் தானாகத் தெரிய வழியில்லை. ஆகவே அதைத் தெரிவிக்கும் கடமையைச் சட்டம் ஊழியர் மீதும் அவர்தம் துணை மீதும் வைத்துள்ளது. இருவருள் ஒருவர் தெரிவித்தாலே போதும். நடைமுறையில் கடமை யார் தலையில் விழுகிறது என்பதை ஊகிப்பது எளிது. மனிதவளப் பிரிவின் தொடர்பு உள்ளவர் ஊழியர். தெரிவிக்காவிட்டால் பாதிக்கப்படுபவர் மற்றவர். பின்னவர் அந்நிறுவனத்தின் வாயிலைக்கூடக் கண்டிராதவராக இருக்கலாம்.

மணமுறிவு நாள், காப்பீடு முடியும் நாள், தெரிவிக்கும் கடமை பற்றித் திட்டம் அறிவித்த நாள் ஆகியவற்றுள் எது பிந்தியதோ அதிலிருந்து குறைந்தது 60 நாட்கள் தரப்பட வேண்டும். தெரிவித்த பின்னர் நிருவாகி 14 நாட்களுக்குள் தெரிவுப் படிவத்தை அனுப்ப வேண்டும். அதன் பிறகு, தொடர்வதா வேண்டாமா என முடிவு செய்யக் குறைந்தது 60 நாட்கள் உண்டு. தொடர்வதாக முடிவு செய்த நாளிலிருந்து முதற் கட்டணத்தைச் செலுத்த 45 நாட்கள். அடுத்தடுத்த மாதக் கட்டணங்களுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு.

எடுத்துக்காட்டாக, மார்ச் 10 ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டு, திட்ட விதிப்படி அம்மாத இறுதியில் காப்பீடு முடிகிறது எனக் கொள்வோம். மே 30 வரை மணமுறிவைத் தெரிவிக்கலாம். அன்று தெரிவித்தால் சூன் 13 க்குள் படிவம் அனுப்பப்பட வேண்டும். அப்படிவம் சூன் 13 அன்று அனுப்பப்பட்டால் ஆகத்து 12 வரை தெரிவு செய்யலாம். ஆகத்து 12 அன்று தெரிவு செய்தால் செப்டெம்பர் 26 வரை முதற் கட்டணத்தைச் செலுத்தலாம். காப்பீடு ஏப்ரல் 1 முதல் இடைவெளியின்றி இருந்ததாகவே கருதப்படும். ஏப்ரல் முதலான கட்டணங்களும் செலுத்தப்பட வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், பின்னோக்கிப் பணம் கட்டி அச்செலவையும் காப்பீட்டுக்குள் கொண்டுவரலாம். ஆனால் இந்நீண்ட கால அட்டவணை முழுவதும் முதற் படியான மே 30 ஐச் சார்ந்தது. மே 31 அன்று தெரிவிப்பவரை ஏற்கத் திட்டம் கடமைப்பட்டதன்று.

தெரிவிப்பதற்கான முறையைத் திட்டமே வகுக்கலாம். குறித்த படிவம், எழுத்து வடிவம், தீர்ப்பின் படி ஆகியவற்றைக் கேட்கலாம். காப்பீடு தொடங்கிய 90 நாட்களுக்குள் ஊழியருக்கும் துணைக்கும் இவ்வுரிமைகளை விளக்கும் பொது அறிவிப்பு ஒன்றைத் திட்டம் அனுப்பியிருக்க வேண்டும். இருவரும் ஒரே முகவரியில் வாழ்ந்தால் இருவர் பெயரிலும் ஒரே மடல் போதுமானது. அம்மடல் திருமணமான புதிதில் வந்து எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும். மடல்கள் கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கே செல்லும் என்பதால், வீட்டை விட்டு வெளியேறியவர் தம் புதிய முகவரியைத் திட்டத்துக்குத் தெரிவிப்பது முகாமையானது. நிருவாகி தம் பங்குக்கு அனுப்ப வேண்டிய அறிவிப்புகளை அனுப்பத் தவறினால், நீதிமன்றம் நாளொன்றுக்கு 110 டாலர் வரை தண்டம் விதிக்க இயலும்.

கொரோனாத் தொற்றுக் காலத்தில் இக்கெடுக்கள், மணமுறிவைத் தெரிவிப்பதற்கான கெடு உட்பட, ஓராண்டு வரை நிறுத்திவைக்கப்பட்டன. அச்சலுகை 2020 மார்ச் 1 இல் தொடங்கி 2023 சூலை 10 இல் முடிந்தது.

மறைத்தலும் முன்கூட்டி நீக்குதலும்

இரு வகையான தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, மணமுறிவை எவருக்கும் சொல்லாமல் முன்னாள் துணையைப் பழையபடியே திட்டத்தில் வைத்திருப்பது. பெரும்பாலும் இது நல்லெண்ணத்தில் செய்யப்படுகிறது; பிரிந்தவர் மீது இரக்கம் கொண்டு கணவன் அல்லது மனைவி ஒத்துக்கொள்வார். நிறுவனங்கள் அவ்வப்போது குடும்ப உறுப்பினர்களின் தகுதியைச் சரிபார்க்கும்போது இது வெளிப்படும். அப்போது திட்டம் மணமுறிவு நாள் வரை பின்சென்று காப்பீட்டை நீக்கவும், செலுத்திய மருத்துவச் செலவுகளைத் திரும்பக் கேட்கவும் கூடும். அதற்குள் 60 நாட்கள் கடந்திருக்கும் என்பதால் கோப்ராவும் இல்லை. இரக்கத்தால் செய்யப்பட்ட உதவி இருந்த ஒரே உரிமையையும் அழித்துவிடுகிறது.

இரண்டாவது இதற்கு எதிரானது. மணமுறிவு வழக்கு நடக்கும்போதே, ஆண்டுதோறும் வரும் பதிவுக் காலத்தைப் பயன்படுத்தி ஊழியர் தம் துணையைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுவது. மணமுறிவு நாளில் அவர் திட்டத்தில் இல்லை, ஆகவே அவருக்குக் கோப்ரா இல்லை என்ற வாதத்துக்கு இது இடமளிக்கும். வருமான வரித் துறை 2002 இல் வெளியிட்ட விளக்கம் ஒன்று இவ்வாதத்தை மறுத்தது. மணமுறிவை எதிர்பார்த்தே நீக்கியிருந்தால், மணமுறிவு நாளிலிருந்து கோப்ரா வழங்கப்பட வேண்டும் என்பது அவ்விளக்கம். நீக்கிய நாளுக்கும் மணமுறிவு நாளுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டும் அதில் தீர்வு இல்லை. அவ்விடைவெளியைத் தடுக்கவே கலிபோர்னியா உள்ளிட்ட சில மாநிலங்களில் தன்னியக்கத் தடையாணைகள் உள்ளன. கலிபோர்னியாவில் வழக்கின் அழைப்பாணை வழங்கப்பட்டவுடன், வழக்கு முடியும் வரை இரு தரப்பினரும் மற்றவரின் அல்லது பிள்ளைகளின் காப்பீட்டை நீக்குவது தடை செய்யப்படுகிறது.

நீதிமன்றத்தின் எல்லை

மணமுறிவு உடன்படிக்கைகளில் "கணவன் மனைவிக்கு மருத்துவக் காப்பீட்டைத் தொடர்ந்து வழங்குவார்" என்பது போன்ற வரி காணப்படுவதுண்டு. இவ்வரியை நம்பி ஏமாந்தோர் பலர். நிறுவனங்களின் காப்பீட்டுத் திட்டங்களை ஆள்வது 1974 ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வு வருமானப் பாதுகாப்புச் சட்டம். சுருக்கமாக எரிசா எனப்படும் இந்நடுவண் சட்டம் அத்திட்டங்கள் தொடர்பான மாநிலச் சட்டங்களுக்கு மேலானது. குடும்ப நீதிமன்றம் கணவனுக்கு ஆணையிடலாம். கோப்ராக் கட்டணத்தை அவர் செலுத்த வேண்டும், அல்லது அதற்கு ஈடான காப்பீட்டை வாங்கித்தர வேண்டும், தவறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று கூறலாம். ஆனால் முன்னாள் மனைவியை ஏற்காத ஒரு திட்டத்தை, அவரை ஏற்குமாறு பணிக்க அந்நீதிமன்றத்துக்கு இயலாது.

ஓய்வூதியத்தின் நிலை இதற்கு மாறானது. 1984 இல் இயற்றப்பட்ட ஓய்வு வருமானச் சமநிலைச் சட்டம், முன்னாள் துணைக்கு ஓய்வூதியத்தில் பங்கு தருமாறு குடும்ப நீதிமன்றம் இடும் ஆணையைத் திட்டங்கள் ஏற்க வேண்டும் என விதித்தது. பிள்ளைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கு இதையொத்த ஆணை 1993 இல் ஏற்படுத்தப்பட்டது. தந்தையோ தாயோ மறுத்தாலும் அவ்வாணையின்படி திட்டம் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முன்னாள் துணையின் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் இத்தகைய ஆணை ஏற்படுத்தப்படவில்லை. அவருக்கு எஞ்சியிருப்பது கோப்ராவின் 36 மாதங்களே. பெற்றோரின் மணமுறிவால் பிள்ளைகள் தம் உரிமையை இழப்பதில்லை. 26 வயது வரை அவர்கள் பெற்றோர் எவருடைய திட்டத்திலும் இருக்கலாம்.

நியூயார்க் மாநிலச் சட்டம் வேறொரு வகையில் இச்சிக்கலை அணுகுகிறது. மணமுறிவுக்குப் பின் மற்றவரின் காப்பீடு கிடைக்காமற் போகலாம் என்பதை இரு தரப்பினரும் அறிந்துள்ளனர் என்பதை உறுதி செய்த பின்னரே நீதிபதி தீர்ப்பில் ஒப்பமிட வேண்டும்.

செலவு

கோப்ராவில் நிறுவனம் தன் பங்கைச் செலுத்தத் தேவையில்லை. முழுக் கட்டணத்துடன் நிருவாகச் செலவுக்காக 2 விழுக்காடு சேர்த்து, 102 விழுக்காடு வரை பயனாளியிடம் பெறலாம். கைசர் குடும்ப அறக்கட்டளையின் 2024 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தனியொருவருக்கான குழுக் காப்பீட்டின் சராசரி ஆண்டுக் கட்டணம் 8,951 டாலர். இதில் ஊழியர் செலுத்தியது சராசரியாக 1,368 டாலர் மட்டுமே, அதாவது மாதத்துக்கு 114 டாலர். அதே காப்பீட்டைக் கோப்ரா வழியாகப் பெற்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 761 டாலர் ஆகும். நிறுவனம் சுமந்த பங்கு அதுவரை கண்ணில் படாதிருந்ததால், முதற் கட்டணச் சீட்டைக் கண்டு பலரும் திகைக்கின்றனர்.

பொருளாதார நெருக்கடிகளின்போது நடுவண் அரசு கோப்ராக் கட்டணத்துக்கு இருமுறை உதவியளித்தது. 2009 இல் 65 விழுக்காடும், 2021 ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை முழுத் தொகையும் அரசு ஏற்றது. இரண்டு முறையும் உதவி வேலை தொடர்பான இழப்புக்கே கிடைத்தது; மணமுறிவால் கோப்ராவுக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்செட் லாவெல், பமேலா சுமாக் ஆகியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு, மணமுறிவை அடுத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 115,000 பெண்கள் தனியார் மருத்துவக் காப்பீட்டை இழந்ததாகவும், அவர்களுள் ஏறத்தாழ 65,000 பேர் எவ்வகைக் காப்பீடும் அற்றவராயினர் எனவும் மதிப்பிட்டது. கோப்ரா நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டுக்குப் பின்னரும் இதுவே நிலை. உரிமை இருந்தும் அதற்கான விலையைக் கொடுக்க முடியாமை இதற்கு ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

36 மாதங்கள் முடியுமுன்னரும் கோப்ரா முடியலாம். கட்டணத்தை உரிய காலத்தில் செலுத்தாமை, நிறுவனம் தன் குழுத் திட்டங்கள் அனைத்தையும் கைவிடுதல், தெரிவு செய்த பின்னர் வேறொரு குழுக் காப்பீட்டில் அல்லது மெடிக்கேரில் சேர்தல் ஆகியன காரணங்கள். மறுமணம் தன்னளவில் காரணம் அன்று. புதிய துணையின் குழுக் காப்பீட்டில் சேர்ந்தால்தான் முடியும். ஏற்கனவே வேறு காப்பீடு வைத்திருந்தவருக்குக் கோப்ராவை மறுக்க முடியாது என 1998 இல் கைசல் எதிர் மூர் மெடிக்கல் கார்ப்பரேசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாநிலச் சட்டங்கள்

20 பேருக்குக் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குப் பல மாநிலங்கள் தமக்கெனச் சிறு கோப்ராச் சட்டங்களை இயற்றியுள்ளன. கலிபோர்னியாவின் சட்டம் 2 முதல் 19 வரை ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். கட்டணம் 110 விழுக்காடு வரை இருக்கலாம்.

மாசச்சூசெட்சு இவை எல்லாவற்றிலும் தாராளமானது. அங்கு தீர்ப்பு வேறுவிதமாகக் கூறாவிட்டால், முன்னாள் துணை கூடுதல் கட்டணமின்றியே பழைய திட்டத்தில் தொடரலாம். இருவருள் ஒருவர் மறுமணம் செய்யும் வரையோ தீர்ப்பு குறிக்கும் காலம் வரையோ இது நீடிக்கும். ஆனால் இச்சட்டம், காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கப்பட்ட திட்டங்களையே கட்டுப்படுத்தும். தம் ஊழியரின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்கும் நிறுவனங்களின் தன்நிதித் திட்டங்கள் எரிசாவின் கீழ் வருவதால் மாநிலக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. 2024 கணக்கெடுப்பின்படி, நிறுவனக் காப்பீடு பெற்ற ஊழியர்களுள் 63 விழுக்காட்டினர் தன்நிதித் திட்டங்களில் இருந்தனர். எனவே அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும் இருவருக்கு, மணமுறிவு ஒரே நாளில் நிகழ்ந்தாலும், உரிமைகள் வெவ்வேறாக இருக்கக்கூடும். திட்டம் எவ்வகையானது என்பது காப்பீட்டு அட்டையைப் பார்த்தால் தெரியாது. தன்நிதித் திட்டங்களையும் பெயர்பெற்ற காப்பீட்டு நிறுவனங்களே நிருவகிப்பதால் அட்டையில் அவற்றின் பெயரே இருக்கும். நிறுவனத்தைக் கேட்டே அறிய வேண்டும்.

நடுவண் அரசு ஊழியரும் படையினரும்

நடுவண் அரசு ஊழியர்களின் முன்னாள் துணைவர்கள் 36 மாதங்கள் தற்காலிகத் தொடர்ச்சி பெறலாம். அதைவிட வலுவானது 1984 ஆம் ஆண்டின் வாழ்க்கைத்துணைச் சமநிலைச் சட்டம் தரும் உரிமை. மணமுறிவுக்கு முந்தைய 18 மாதங்களில் ஊழியரின் குடும்பக் காப்பீட்டில் இருந்து, அவரது ஓய்வூதியத்தில் பங்கு பெறத் தீர்ப்பால் உரிமையும் பெற்ற ஒருவர், 55 வயதுக்கு முன் மறுமணம் செய்யாதவரை, கால எல்லையின்றிக் காப்பீட்டைத் தொடரலாம். அரசின் பங்கையும் சேர்த்து முழுக் கட்டணத்தை அவரே செலுத்த வேண்டும். இங்கும் விண்ணப்பக் கெடு 60 நாட்களே.

படையினருக்கு 20/20/20 என்னும் விதி உண்டு. மணவாழ்வு 20 ஆண்டுகள், படைப்பணி 20 ஆண்டுகள், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்த காலம் 20 ஆண்டுகள் என மூன்றும் நிறைந்தால், மறுமணம் செய்யாதவரையும் தம் வேலை வழியாகக் காப்பீடு பெறாதவரையும் படைத்துறைக் காப்பீடான டிரைகேர் தொடரும். ஒன்றிவந்த காலம் 15 ஆண்டுகளுக்கு மேல் 20 க்குள் இருந்தால் ஓராண்டு மட்டுமே. அதற்கும் குறைவானோர் கோப்ராவை ஒத்த கட்டணத் திட்டம் ஒன்றில் சேரலாம்.

2010 சட்டத்துக்குப் பின்

2010 இல் இயற்றப்பட்ட கட்டுப்படியாகும் மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 2014 முதல் நிலைமையைப் பெரிதும் மாற்றியது. முன்பே உள்ள நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பது அதன்பின் இயலாது. மணமுறிவால் காப்பீட்டை இழந்தவர், இழந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் காப்பீட்டுச் சந்தையில் தனிக் காப்பீடு வாங்கலாம். வருமானத்துக்கு ஏற்ப வரிச் சலுகையும் கிடைக்கக்கூடும். மணமுறிவுக்குப் பின் குடும்ப வருமானம் குறைவதால் சலுகைக்கான தகுதி பலருக்குப் புதிதாக ஏற்படுகிறது. வருமானம் மிகக் குறைவாயின், பெரும்பாலான மாநிலங்களில் மெடிக்கெயிட் என்னும் அரசுத் திட்டம் உண்டு. எனினும் மணமுறிவு மட்டும் போதாது, அதனால் காப்பீடு போயிருக்க வேண்டும்.

தமக்கென வேலை உள்ளவர் தம் நிறுவனத்தின் திட்டத்தில் சேரலாம். அதற்கான கெடு 60 நாட்கள் அல்ல, பொதுவாக 30 நாட்களே. மேற்கூறிய கெடுக்களுள் இதுவே குறுகியது என்பதால் முதலில் தவறிப்போவதும் இதுவே. கோப்ராவைத் தெரிவு செய்த ஒருவர், செலவு தாளாமல் ஆண்டின் நடுவில் அதைக் கைவிட்டால், பொதுவாக அடுத்த பொதுப் பதிவுக் காலம் வரை காப்பீட்டுச் சந்தையில் சேர இயலாது. ஆயினும் சிகிச்சையின் நடுவில் இருப்போர் கோப்ராவையே நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. அதே மருத்துவர்கள் தொடர்வர். அவ்வாண்டில் ஏற்கனவே தம் கையிலிருந்து செலுத்திய கழிவுத் தொகையும் வீணாகாது.

65 வயதை எட்டுவோர்

மணவாழ்வு குறைந்தது 10 ஆண்டுகள் நீடித்திருந்து, இப்போது மணமாகாதவராக இருப்பவர், 65 வயதில் தம் முன்னாள் துணையின் வேலைப் பதிவைக் கொண்டே மெடிக்கேரின் மருத்துவமனைப் பகுதியைக் கட்டணமின்றிப் பெறலாம். தாமே போதிய ஆண்டுகள் வேலை செய்திராத இல்லத்தரசிகளுக்கு இது பெரிய உதவி. ஒன்பதாம் ஆண்டில் முறிந்த மணத்துக்கு இவ்வுரிமை இல்லை. மணமுறிவின் நாளைச் சிலர் சில மாதங்கள் தள்ளிவைப்பது இதன் பொருட்டே.

கோப்ராவில் இருக்கும்போது 65 வயது நிறைவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மெடிக்கேரின் மருத்துவர் கட்டணப் பகுதியில் தாமதமாகச் சேர்வோருக்கு, தாமதித்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் விதிக்கப்படுகிறது. நடப்பு வேலையின் வழியாகக் காப்பீடு பெறுவோருக்கு இதில் விலக்கு உண்டு. கோப்ரா நடப்பு வேலையின் வழி வந்த காப்பீடாகக் கருதப்படாது.

குடிவரவு நிலை

கோப்ரா உரிமை குடியுரிமையைச் சார்ந்ததன்று. எச்-1பி நுழைவிசைவில் பணிபுரிவோரின் வாழ்க்கைத்துணையாக எச்-4 நுழைவிசைவில் வாழ்வோர், இவர்களுள் இந்தியாவிலிருந்து சென்ற தமிழரும் அடங்குவர், மற்றவர்களைப் போலவே 60 நாட்களுக்குள் தெரிவித்துக் காப்பீட்டைத் தொடரலாம். ஆனால் எச்-4 தகுதி திருமணத்தைச் சார்ந்தது என்பதால் மணமுறிவுத் தீர்ப்புடன் அதுவும் முடிகிறது. காப்பீடு 36 மாதங்கள் கிடைத்தாலும், அந்நாட்டில் தங்குவதற்கு வேறொரு தகுதியை அவர்கள் தனியே பெற்றாக வேண்டும்.